நல்ல சேதி கொண்டுவந்த கிழவன்

கொரிந்த் நகரத்திலிருந்து ஒரு கிழவன் தீப்ஸ் அரண்மனை வாசலுக்கு வந்து சேருகிறான். அவனிடம் ஒரு நல்ல சேதி இருக்கிறது. கொரிந்த் மன்னர் பாலிபஸ் வயதாகி இறந்துவிட்டார்; அவருடைய மகன் ஈடிப்பஸைத்தான் அடுத்த மன்னனாக்க ஊரார் நினைக்கிறார்கள். முந்திக்கொண்டு வந்து சொன்னால், நாளை ஈடிப்பஸ் ஊர் திரும்பும்போது தனக்கும் ஏதாவது கிடைக்கும் என்பது கிழவனின் கணக்கு. அதை அவன் ஒளிக்கவும் இல்லை.

ஈடிப்பஸுக்கு நிம்மதி பாதி, பயம் பாதி. தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று டெல்ஃபியில் அப்போலோ கோயிலின் அருள்வாக்கு அவனுக்குச் சொல்லியிருந்தது. அதற்கு அஞ்சித்தான் அவன் கொரிந்த் பக்கமே போகாமல் இருந்தான். தந்தை தானாகவே இறந்துவிட்டார், சரி. தாய் இருக்கிறாளே? கிழவனுக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. இந்தப் பயத்துக்காகவா வீட்டை மறந்திருந்தாய் என்று கேட்டுவிட்டு, ஆறுதலாகப் பழைய கதை ஒன்றை எடுத்து விடுகிறான். நீ பாலிபஸின் பிள்ளையே இல்லை. கித்தைரான் மலையில் ஒரு மேய்ப்பன் என்னிடம் கொடுத்த குழந்தை நீ. உன் கணுக்கால்களைத் துளைத்துக் கட்டியிருந்தார்கள், அவிழ்த்துவிட்டவனே நான்தான்.

பக்கத்தில் நிற்கும் அரசி ஜொகாஸ்டாவுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. அவள் கணவனுக்கு விளங்க இன்னும் சற்று நேரம் ஆகும்.

சோஃபக்ளீஸ் எழுதிய 'அரசன் ஈடிப்பஸ்' நாடகத்தில் வரும் காட்சி இது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து அரிஸ்டாட்டில் தமது 'கவிதையியல்' நூலில், கதையின் போக்கு தலைகீழாகத் திரும்புவது என்றால் என்ன என்று விளக்க இந்தக் கிழவனைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். பயத்தைப் போக்க வாய் திறந்தவன், திறந்த காரியத்துக்கு நேர் எதிரானதைச் செய்துவிட்டான். கிரேக்கர்கள் இந்தத் திருப்பத்தைப் பெரிபெட்டியா என்றார்கள்.

கிரேக்கத் துன்பியல் நாயகன் ஏன் வீழ்கிறான்? ஆங்கில இலக்கியம் படித்தவர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு பதில் வரும்: அவனிடம் ஒரு குணக்கேடு இருந்தது, பெரும்பாலும் அது ஆணவம். தேர்வில் மதிப்பெண் வாங்கித் தரும் பதில்தான். நாடகங்களைத் திறந்து படித்தால் அது நிற்பதில்லை. ஈடிப்பஸ் கதையில் கெட்டவன் என்று விரல் நீட்ட ஆளைத் தேட வேண்டியிருக்கிறது. பச்சைக் குழந்தையை மலையில் எறியச் சொன்ன பெற்றோரை வேண்டுமானால் குற்றம் சொல்லலாம். அவர்களும் அருள்வாக்குக்கு அஞ்சியவர்கள்தான். அந்தக் குழந்தையைச் சாகவிட மனமில்லாமல் அயலூர்க்காரன் கையில் கொடுத்த மேய்ப்பன் இரக்கப்பட்டவன். பிள்ளையில்லாத மன்னரிடம் அதைக் கொண்டுசேர்த்த கொரிந்த்காரன் நல்லதைத்தான் செய்தான். பெற்றோருக்குத் தன்னால் கேடு வரக்கூடாதென்று ஈடிப்பஸ் நாட்டையே துறந்தான். கலங்கி நின்ற கணவனைத் தேற்றத்தான் ஜொகாஸ்டா பேசினாள். இத்தனை பேரின் நல்லெண்ணங்களும் கைகோத்துக்கொண்டு ஒருவனைப் படுகுழிக்குக் கூட்டிப்போகின்றன.

இந்த நாடகங்கள் எங்கே, யார் முன்னால் நடந்தன என்பதைத் தெரிந்துகொண்டால் வீழ்ச்சியின் கனம் இன்னும் புரியும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில், வசந்தம் தொடங்கும் மார்ச் மாதக் கடைசி வாக்கில், டயோனிசஸ் தெய்வத்துக்குப் பெருவிழா எடுத்தார்கள். அக்ரோபொலிஸ் குன்றின் தென்சரிவில் திறந்தவெளி அரங்கு. அப்போது இருக்கைகளெல்லாம் மரம்தான், கல் இருக்கைகள் அடுத்த நூற்றாண்டில்தான் வந்தன. கூட்டம் 6,000 என்பாரும் உண்டு, 15,000 என்பாரும் உண்டு. மூன்று கவிஞர்களுக்குள் போட்டி. ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களும், கடைசியில் கூத்தும் கேலியுமாக ஒரு சாட்டிர் நாடகமும் அளிக்க வேண்டும். பாடற்குழுவுக்கான செலவைப் பணக்காரக் குடிமகன் ஒருவர் தலையில் அரசு கட்டிவிடும். நடிகர்கள் அனைவரும் ஆண்கள். பேசி நடிப்பவர்கள் மூவர்தான், முகமூடியை மாற்றி மாற்றி அவர்களே எல்லா வேடங்களையும் கட்டுவார்கள். துணியால் செய்த அந்த முகமூடிகளில் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை.

நாடகம் தொடங்கும் முன் அரங்கில் வேறொரு காட்சியும் நடக்கும். கூட்டணி நகரங்கள் கட்டிய கப்பத்தைக் கொண்டுவந்து எல்லோரும் பார்க்கக் காட்டுவார்கள். போரில் தந்தையை இழந்து, அரசு செலவில் வளர்ந்து ஆளான பிள்ளைகள் முழுக் கவசத்தோடு அணிவகுப்பார்கள். நகரம் தன் செல்வத்தையும் வீரத்தையும் தானே பார்த்துப் பூரிக்கும் நேரம் அது. அதே மக்கள் அதே பலகைகளில் உட்கார்ந்து, உச்சியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விழுவதைப் பார்த்தார்கள். வேறெந்த வல்லரசும் தன் திருவிழாவுக்கு இப்படி ஒரு நிகழ்ச்சி நிரல் போட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

மூன்று பெயர்கள்தான் இன்று நமக்கு முழு நாடகங்களோடு கிடைக்கின்றன: எஸ்கிலஸ், சோஃபக்ளீஸ், யூரிப்பிடீஸ். சோஃபக்ளீஸ் 120க்கு மேல் எழுதியதாகச் சொல்கிறார்கள், மிஞ்சியவை 7. மூவருடையதையும் சேர்த்தால் 30ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. 'அரசன் ஈடிப்பஸ்' இடம்பெற்ற நாடக வரிசைக்குப் போட்டியில் இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. முதல் பரிசை அடித்துக்கொண்டு போனவர் எஸ்கிலஸின் மருமகன் முறையான ஃபிலோக்ளீஸ். அவருடைய நாடகம் ஒன்றுகூட முழுதாக இன்று கையில் இல்லை.

பார்க்க வந்தவர்களுக்குக் கதை முன்பே தெரியும். ஆன்டிஃபனீஸ் என்ற நகைச்சுவை நாடகாசிரியர் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்: துன்பியல் எழுதுகிறவன் கொடுத்துவைத்தவன், ஈடிப்பஸ் என்று பெயரைச் சொன்னால் போதும், அப்பன் யார், ஆத்தாள் யார், என்ன செய்தான் என்று மீதியைப் பார்வையாளர்களே நிரப்பிக்கொள்வார்கள், எங்களுக்குத்தான் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டவேண்டியிருக்கிறது. பொறாமையில் சொன்னாலும் விஷயத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். முடிவு தெரிந்த கதையில் அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்விக்கு இடமில்லை. இவனுக்கு எப்போது தெரியப்போகிறது என்பதுதான் கேள்வி. சோஃபக்ளீஸ் நாடகம் முழுவதையும் அந்த ஒரு கேள்வியின் மேல் நிறுத்தியிருக்கிறார்.

தீப்ஸில் கொள்ளைநோய். பயிர் கருகுகிறது, பிரசவங்கள் கெடுகின்றன. முந்தைய மன்னன் லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்து வெளியேற்றினால் நோய் தீரும் என்று டெல்ஃபியிலிருந்து பதில் வருகிறது. ஈடிப்பஸ் ஊரார் முன்னிலையில் கொலைகாரனுக்குச் சாபமிட்டு விசாரணையைத் தொடங்குகிறான். துப்பறியும் கதைதான். துப்பறிகிறவனே குற்றவாளி என்பதை அவனைத் தவிர அரங்கு முழுக்க அறியும்.

அவனை நிறுத்தப் பார்த்தவர்கள் மூவர். முதலில் கண்பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ்: என்னை வீட்டுக்கு அனுப்பிவிடு, உனக்கும் நல்லது எனக்கும் நல்லது என்கிறார். ஈடிப்பஸ் விடவில்லை; சீண்டிச் சீண்டி அவர் வாயிலிருந்து உண்மையை வரவழைக்கிறான், வந்ததும் நம்ப மறுக்கிறான். அடுத்து, கிழவனின் கதையைக் கேட்ட ஜொகாஸ்டா. உயிர்மேல் ஆசையிருந்தால் இதற்குமேல் தோண்டாதே என்று மன்றாடுகிறாள். தன் பிறப்பு தாழ்ந்ததாக இருந்துவிடுமோ என்று இவள் வெட்கப்படுகிறாள் என எண்ணிக்கொள்கிறான் அவன். கடைசியாக அந்த முதிய மேய்ப்பன். சொன்னால் எல்லாம் போய்விடும் என்று தெரிந்து அவனும் கெஞ்சுகிறான். அவன் கைகளைப் பின்னால் முறுக்கச் சொல்லி, கேட்டுத்தான் தீர்வேன் என்கிறான் மன்னன்.

கேட்டான். தெரிந்தது. தான் கொன்ற லாயஸ்தான் தந்தை, மணந்த ஜொகாஸ்டாதான் தாய் என்ற இந்த அறிதலுக்கு அரிஸ்டாட்டில் வைத்த பெயர் அனக்னோரிசிஸ். தலைகீழ்த் திருப்பமும் அறிதலும் ஒன்றாக வந்து விழுவதுதான் உயர்ந்த நாடகம் என்று எழுதி, அதற்கும் இந்த நாடகத்தையே காட்டினார்.

இதில் ஊழ் எங்கே, மனிதன் எங்கே என்று பிரித்துப் பார்ப்பது பலனுள்ள வேலை. தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் அருள்வாக்கில் இருந்தவை. அவை நாடகம் தொடங்குமுன்பே முடிந்த சங்கதிகள். மேடையில் நடப்பவை எதுவும் அருள்வாக்கில் இல்லை. கொலைகாரனைக் கண்டுபிடிக்கச் சொன்னது டெல்ஃபிதான்; ஆனால் விசாரணையைக் கடைசிவரை நடத்து என்று எந்தத் தெய்வமும் அவனைப் பிடித்துத் தள்ளவில்லை. மேய்ப்பனைக் கூப்பிடு என்று யாரும் கட்டளையிடவில்லை. கண்களைக் குத்திக்கொள்வான் என்று டெல்ஃபி அவனிடம் சொன்னதில்லை. தூக்கில் தொங்கிய ஜொகாஸ்டாவை இறக்கிக் கிடத்தி, அவள் ஆடையில் இருந்த பொன்னூசிகளைப் பிடுங்கித் தன் கண்களில் அவன் பாய்ச்சிக்கொள்கிறான். வெளியே வந்தபின் பாடற்குழு கேட்கிறது, உன்னைத் தூண்டியது எந்தத் தெய்வம் என்று. துன்பத்தைக் கொண்டுவந்தது அப்போலோ, குத்தியது மட்டும் என் கை என்ற பொருளில் அவன் கணக்கைப் பிரித்துத் தருகிறான். ஸ்பிங்க்ஸ் என்ற அரக்கியின் புதிரை அவிழ்த்து அரியணை ஏறியவன் அவன். அவிழ்க்காமல் விடமாட்டேன் என்ற அதே பிடிவாதம்தான் அவனை இறக்கியதும். அதைக் குணக்கேடு என்று சொல்ல நாக்கு வருமா? விசாரணையைப் பாதியில் நிறுத்தியிருந்தால் அவன் பிழைத்திருப்பான், ஊர் நோயில் செத்திருக்கும்.

அப்படியானால் குணக்கேடு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஒரே ஒரு சொல்லிலிருந்து. 'கவிதையியல்' 13ஆம் அத்தியாயத்தில் அரிஸ்டாட்டில், எப்படிப்பட்டவன் வீழ்ந்தால் நமக்கு இரக்கமும் அச்சமும் வரும் என்று ஆராய்கிறார். அப்பழுக்கற்ற நல்லவன் வீழ்ந்தால் மனம் கசந்துபோகும். கொடியவன் வீழ்ந்தால் சரிதான் என்போம், இரங்கமாட்டோம். எனவே இரண்டுக்கும் நடுவே உள்ளவன், பேரும் புகழும் பெற்றவன், கெட்ட குணத்தாலோ தீச்செயலாலோ அல்லாமல் ஒரு ஹமார்ட்டியாவால் வீழவேண்டும். கெட்ட குணத்தால் அல்ல என்று அதே வாக்கியத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் மனிதர்.

ஹமார்ட்டியா என்ற சொல்லின் வேரில் இருப்பது குறி தவறுதல். ஹோமரின் போர்க்களத்தில் எறிந்த ஈட்டி இலக்கைத் தாண்டிப் போனால் இந்த வினைச்சொல்தான் வரும். தமிழிலும் குறி தப்பிவிட்டது என்கிறோம். எறிந்தவனைத் தீயவன் என்று யாரும் சொல்வதில்லை. கை தேர்ந்தவனுக்கும் தப்பும். பின்னாளில் புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இதே சொல் பாவம் என்ற பொருளில் வழங்கியது. நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பியர் அரிஸ்டாட்டிலைப் படிக்க உட்கார்ந்தபோது, அந்தப் பாவத்தின் நிழல் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

'கவிதையியல்' ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த பாதையே ஒரு கதை. பத்தாம் நூற்றாண்டில் அது சிரியாக் மொழி வழியாக அரபுக்குப் போனது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கொர்தோபாவைச் சேர்ந்த அவெரோயஸ் என்ற இப்னு ருஷ்து அதற்கு விளக்கம் எழுதினார். கிரேக்க நாடகம் எதையும் அறியாத மரபில் வந்தவர் அவர். ஆகவே துன்பியல் என்பதைப் புகழ்ந்து பாடும் கவிதை என்றும், இன்பியல் என்பதை இகழ்ந்து பாடும் கவிதை என்றும் புரிந்துகொண்டார். அந்த விளக்கம் 1256இல் லத்தீனுக்குப் பெயர்ந்து நெடுங்காலம் ஐரோப்பாவுக்கு வழிகாட்டியது. மூலத்திலிருந்து நேராகச் செய்த லத்தீன் பெயர்ப்பு 1498இல் வெனிஸில் அச்சானது. கிரேக்க மூலம் 1508இல் அச்சேறியது. அதற்குப் பிறகு உரைகாரர்கள் வரிசைகட்டினார்கள். தண்டனை இருந்தால் குற்றம் இருக்கவேண்டுமே என்ற நீதிபோதனைக் கணக்கு உள்ளே புகுந்தது. ஆளுக்கொரு குறை என்று நாயகர்கள் தலையில் ஒட்டும் பழக்கம் பள்ளிப் பாடம்வரை இறங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் இ. ஆர். டாட்ஸ் 1966இல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதி, ஈடிப்பஸைப் பற்றி மாணவர்கள் தேர்வில் எழுதிய தவறான விடைகளைப் பொறுமையாக உடைத்துக் காட்டினார். விடைகள் இன்றும் அப்படியே வருகின்றன.

ஆணவம் என்று நாம் பெயர்க்கும் ஹூப்ரிஸின் கதியும் இதுதான். ஏதென்ஸ் சட்டத்தில் ஹூப்ரிஸ் வழக்குத் தொடரக்கூடிய குற்றம்: இன்னொருவரை அடித்தோ கேவலப்படுத்தியோ அதில் களிப்படைவது. டெமாஸ்தனீஸ் என்ற பேச்சாளர் டயோனிசஸ் விழாவில் தம் குலத்தின் பாடற்குழுவுக்குச் செலவு செய்துகொண்டிருந்தபோது, பகைவன் மெய்டியஸ் அரங்கிலேயே அவர் முகத்தில் குத்தினான். அதைத் தாக்கி டெமாஸ்தனீஸ் எழுதிய நெடும்பேச்சில் ஹூப்ரிஸ் என்ற சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அதாவது ஹூப்ரிஸ் நெஞ்சுக்குள் இருக்கும் கர்வம் மட்டுமல்ல. பிறர்மேல் விழும் கை. துன்பியலுக்கு இலக்கணம் வகுத்த 'கவிதையியல்' அதை வீழ்ச்சிக்குக் காரணமாக எங்கும் வைக்கவில்லை. 'அரசன் ஈடிப்பஸ்' நாடகத்தில் பாடற்குழு ஓரிடத்தில் ஹூப்ரிஸைப் பற்றிப் பாடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அது யாரைக் குறித்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் மோதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆணவத்தால் வீழ்ந்தவனே கிரேக்க மேடையில் இல்லையா? உண்டு. நமக்குக் கிடைத்த நாடகங்களிலேயே மிகப் பழையது எஸ்கிலஸின் 'பாரசீகர்கள்'. கி.மு. 472இல் அரங்கேறியது, செலவை ஏற்றவர் பின்னாளில் ஏதென்ஸின் தலைவரான பெரிக்ளீஸ், அப்போது இளைஞர். கதை புராணமல்ல, 8 ஆண்டுகளுக்கு முன் நடந்த சலாமிஸ் கடற்போர். கடலுக்கே நுகத்தடி பூட்டுவதுபோல ஹெலஸ்பான்ட் நீரிணையில் படகுப்பாலம் கட்டிப் படை கொண்டுவந்த பாரசீக மன்னன் செர்க்சஸ், கப்பற்படையை இழந்து, கந்தல் ஆடையில் மேடைக்குள் வருகிறான். இறந்த தந்தை டாரியஸின் ஆவி வந்து மகனின் அத்துமீறலைக் கண்டிக்கிறது. இதில் ஆணவம் உண்டு, தண்டனையும் உண்டு. ஆனால் நாடகம் நடக்கும் இடத்தைக் கவனியுங்கள்: பாரசீகத் தலைநகரம். மேடையில் ஒரு கிரேக்கனும் இல்லை. மகன் உயிரோடு இருக்கிறானா என்று தவிக்கும் எதிரியின் தாய், மாண்டவர்களின் பெயர்களை அடுக்கி அழும் பாரசீக முதியவர்கள். பார்வையாளர்களில் பலர் அந்தப் போரில் துடுப்புப் போட்டவர்கள். தங்கள் நகரத்தைப் பாரசீகர் எரித்ததைக் கண்டவர்கள். எழுதிய எஸ்கிலஸே மராத்தான் போரில் பாரசீகரோடு பொருதவர். எதிரியின் வீட்டு ஒப்பாரியை மேடையேற்றிய அந்த நாடகத்துக்கு ஏதென்ஸ் முதல் பரிசு கொடுத்தது.

சோஃபக்ளீஸின் 'ஆன்டிகனி'யில் வீழ்பவன் யார் என்பதே ஒரு வழக்கு. தீப்ஸுக்கு எதிராகப் படையெடுத்து மாண்ட பாலினைசீஸின் உடலைப் புதைக்கக்கூடாது என்று மன்னன் கிரியோன் ஆணையிடுகிறான். தங்கை ஆன்டிகனி மீறுகிறாள்; அவளைப் பாறைக்குகையில் உயிரோடு அடைக்கிறார்கள். நாடகத்தின் பெயர் அவளுடையது. ஆனால் தெரிந்து, துணிந்து, வாதாடிச் செத்தவள் அவள். அறியாமல் தவறி, அறிந்து நொறுங்குகிறவன் கிரியோன்.

அவனுடைய குறி எங்கே தப்பியது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். பிடிவாதக்காரன்தான், மகன் ஹீமோன் சொல்லியும் கேட்கவில்லை. ஆனால் டைரீசியஸ் எச்சரித்தபின் மனம் மாறிவிடுகிறான். திருந்தியபிறகு வீழ்கிறான். முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்துக்குக் கல்லறை எழுப்பு என்று பாடற்குழு வரிசையாகச் சொல்லி அனுப்புகிறது. கிரியோன் முதலில் பிணத்திடம் போகிறான். கிடந்ததைக் கழுவி, எரித்து, மேடு கட்டி, எல்லாச் சடங்கையும் முறையாக முடித்துவிட்டுக் குகைக்கு ஓடினால், ஆன்டிகனி தூக்கில் தொங்குகிறாள். அவளை மணக்கவிருந்த ஹீமோன் தந்தை கண்முன்னே வாளைத் தன் விலாவில் செருகிக்கொள்கிறான். செய்தி கேட்ட அரசி யூரிடிசியும் சாகிறாள். இரண்டு நல்ல காரியங்களில் எதை முன்னே செய்வது என்பதில் நேர்ந்த பிசகு அது. செத்தவனுக்குரிய மரியாதையை மறுத்ததால் வந்த வினை என்று எண்ணியவன், செத்தவனுக்கே முன்னுரிமை கொடுத்தான். உயிரோடு இருந்தவள் காத்திருக்கவில்லை.

இவ்வளவு சின்ன இடைவெளியில்தான் கிரேக்க நாயகர்கள் தவறுகிறார்கள். அதே ஆசிரியரின் 'அஜாக்ஸ்' நாடகத்தில் நாயகன்மேல் அதீனா தேவிக்கு வந்த கோபம் அந்த ஒரு நாளுக்கு மட்டும்தான். இன்று மட்டும் அவனைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், பிழைத்துவிடுவான் என்று ஆள் ஓடிவருகிறான். அஜாக்ஸ் சற்று முன்புதான் வெளியே போயிருக்கிறான்.

குறி தவறுவதற்கே இடமில்லாத வீழ்ச்சிகளும் உண்டு. எஸ்கிலஸின் அகமெம்னான் முன்னே இருந்தவை இரண்டே வழிகள். மகள் இஃபிஜெனியாவைப் பலியிட்டால் காற்று திரும்பும், கப்பல்கள் டிராய்க்குப் புறப்படும். பலியிடாவிட்டால் கூட்டணிக்குத் துரோகம். எதைச் செய்தாலும் பழி. அவன் மகளைக் கொன்றான். பத்தாண்டு கழித்து வென்று திரும்பியவனைச் செந்நீலக் கம்பளத்தின்மேல் நடக்கவைத்து உள்ளே அழைத்துப்போய் மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ரா கொன்றாள். யூரிப்பிடீஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய ஹெராக்ளீஸ், கொலைகாரன் கையிலிருந்து மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் மீட்ட கையோடு, ஹீரா தேவி ஏவிய பித்தால் அவர்களைத் தானே கொல்கிறான். ஏவப்பட்ட பித்துத் தெய்வமே இது நியாயமில்லை என்று முதலில் தயங்குகிறது! இதில் ஹமார்ட்டியா எது என்று அரிஸ்டாட்டிலைக் கேட்டால் அவர் தலையைச் சொறிந்திருப்பார். அவர் பிறந்தது சோஃபக்ளீஸும் யூரிப்பிடீஸும் இறந்து இருபதாண்டுகளுக்கும் மேல் ஆனபிறகு. சமையல் முடிந்தபின் வந்து ருசித்துக் குறிப்பு எழுதியவர். எல்லாப் பண்டமும் அவர் குறிப்புக்குள் அடங்கவேண்டும் என்பதில்லை.

வீழ்ச்சியின் உச்சத்தை இந்த நாடகங்கள் பெரும்பாலும் கண்ணுக்குக் காட்டுவதில்லை. கொலை உள்ளே நடக்கும், அலறல் கேட்கும், ஒரு தூதன் வந்து நடந்ததைச் சொல்வான், பிறகு சக்கரம் வைத்த மேடையில் உடல்களை உருட்டி வெளியே கொண்டுவருவார்கள். சொல்லில் கேட்பது கண்ணில் காண்பதைவிடக் கொடியது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். யூரிப்பிடீஸ் இறந்தபின் கி.மு. 405இல் மேடையேறிய 'பாக்கே' நாடகத்தில், டயோனிசஸை எதிர்த்த தீப்ஸ் மன்னன் பெந்தியஸை, அவனைப் பெற்ற தாய் அகாவே தெய்வ வெறியில் கிழித்துப்போடுகிறாள். சிங்கத்தை வேட்டையாடியதாக எண்ணி அவன் தலையைக் கையில் ஏந்தி மகிழ்ச்சியோடு வருகிறாள். அவள் தந்தை காட்மஸ் மெல்ல மெல்லப் பேச்சுக்கொடுக்கிறார். வானத்தைப் பார், இப்போது எப்படித் தெரிகிறது? யாருக்கு வாழ்க்கைப்பட்டாய்? உன் மகன் பெயர் என்ன? கையில் இருப்பது யாருடைய தலை? பித்துத் தெளிவதுதான் அங்கே தண்டனை.

அந்தத் தலைக்கு ஒரு பிற்கால வரலாறு உண்டு. கி.மு. 53இல் ரோமானியத் தளபதி க்ராசஸ் பார்த்தியர்மீது படையெடுத்து, காரே போரில் தோற்று மாண்டார். அவர் தலையை வெட்டி எடுத்துச் சென்றபோது, பார்த்திய மன்னர் ஆர்மீனிய அரசவையில் ஒரு மண விருந்தில் இருந்தார். அங்கே 'பாக்கே' நாடகம் நடந்துகொண்டிருந்தது. ஜேசன் என்ற நடிகர் பெந்தியஸின் தலைக்குப் பதிலாக க்ராசஸின் தலையையே கையில் எடுத்துக்கொண்டு அகாவேயின் பாட்டைப் பாடினார் என்று புளூட்டார்க் எழுதியிருக்கிறார். யூரிப்பிடீஸ் இறந்து 350 ஆண்டுகளுக்குப் பிறகு, ஏதென்ஸிலிருந்து வெகு தொலைவில், மன்னர்களுக்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தது.

ஈடிப்பஸ் என்ன ஆனான்? அதற்கு விடை சோஃபக்ளீஸே எழுதினார், தொண்ணூறு வயதை நெருங்கும்போது. 'கொலோனஸில் ஈடிப்பஸ்' நாடகத்தில் குருட்டுக் கிழவனாக, மகள் ஆன்டிகனி கைப்பிடித்து நடத்திவர, ஏதென்ஸை ஒட்டிய கொலோனஸ் என்ற சிற்றூருக்கு அவன் வந்து சேருகிறான். சோஃபக்ளீஸ் பிறந்த ஊர் அது. பெயரைக் கேட்டதும் ஊர்ப் பெரியவர்கள் பதறி, வெளியே போ என்கிறார்கள். ஒரு முறையல்ல, பல முறை அவன் தன் வழக்கை எடுத்துவைக்கிறான். வழியில் முதலில் அடித்தவர்கள் லாயஸும் அவர் ஆட்களும்தான். அவர் என் தந்தை என்று எனக்குத் தெரியாது. ஜொகாஸ்டா என் தாய் என்றும் தெரியாது. தெரியாமல் செய்ததற்குச் சட்டப்படி நான் குற்றவாளி இல்லை. இளம் ஈடிப்பஸ் இப்படி ஒரு வார்த்தை பேசவில்லை; கண்ணைக் குத்திக்கொள்ளத்தான் அவனுக்கு நேரம் இருந்தது. கிழவனுக்கு யோசிக்க ஆண்டுக்கணக்கில் அவகாசம் கிடைத்திருக்கிறது.

ஏதென்ஸ் மன்னன் தீஸியஸ் அவனுக்கு அடைக்கலம் தருகிறான். பதிலுக்குத் தன் உடல் விழும் இடம் ஏதென்ஸைப் பகைவரிடமிருந்து காக்கும் என்று ஈடிப்பஸ் வாக்களித்துவிட்டு, யாரும் தொடாமல் தானே வழிகாட்டி நடந்துபோய் மறைகிறான்.

சோஃபக்ளீஸ் கி.மு. 406 வாக்கில் இறந்தார். இரண்டாண்டு கழித்து, கி.மு. 404இல், ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது. நகரத்தின் நெடுமதில்களைக் குழலோசைக்கு நடுவே இடித்தார்கள். ஏதென்ஸைக் காப்பேன் என்று ஈடிப்பஸ் வாக்களிக்கும் அந்த நாடகத்தை, பாட்டனின் பெயரையே கொண்ட பேரன் சோஃபக்ளீஸ் கி.மு. 401இல் மேடையேற்றினார். பார்க்க வந்தவர்கள் தோற்றுப்போன நகரத்தின் மக்கள்.